சிறு கூடத்து இசையும் திறந்த வாயிலும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் ஊர் இசைக் கழகத்தார், அன்பர் ஒருவர்தம் இல்லக் கூடத்திலே திங்கள்தோறும் சிறிய அளவில் இசையரங்கு நடத்தி வந்ததை நீவிர் அறிவீர். அவ்வில்லம் இப்பொழுது விலையாகிவிட்டமையின், நம் சங்கக் கட்டிடத்து மேல்மாடியிலுள்ள படிப்பகத்தைத் திங்களில் ஒருநாள் மாலை தமக்கு உதவுமாறு அவர்கள் விண்ணப்பித்துள்ளார்கள். செயற்குழு முடிவு செய்யுமுன் உறுப்பினரிடை இஃது ஆராயப்படவேண்டும் என்று கருதித் தலைவர் அவர்கள் என்னைப் பேசப் பணித்தார்கள். யான் பாட அறியேன். வீணையைத் தொட்டதும் இல்லை. தமிழ் கற்பிப்பவன். கேட்கும் பழக்கம் ஒன்றே எனக்குள்ள தகுதி.

இவ்விண்ணப்பத்திற்கு மாறாக இருவகைச் சொற்கள் என் செவிக்கு எட்டின. "கீழே 800 பேர் அமரும் மண்டபமும் ஒலிபெருக்கியும் இருக்க, மேலே 60 பேரைப் பாயில் உட்காரவைத்துப் பாடச் செய்தல் சங்கத்தின் பெருமைக்கு ஏற்குமா?" என்பது ஒன்று. மற்றொன்று சற்றுத் தாழ்ந்த குரலிற் சொல்லப்படுவது, "வருகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள்தாமா?" என்பது. முன்னதற்கு விடை கூறுதல் எளிது. பின்னதன் பொருட்டே யான் பேச இசைந்தேன்.

அரங்கின் பெருமை அதன் பரப்பில் உள்ளதென்பது நம் முன்னோர் கருத்தன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி சோழ மன்னன் முன்னிலையில் ஆடிய அரங்கிற்கு இளங்கோவடிகள் அளவு கூறுகின்றார். 24 விரல் கொண்ட கோலால் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் ஒரு கோல். விரலைப் பெருவிரலாகவே கொண்டு அளந்தாலும் நீளம் 16 அடிக்கு மேற்படாது. நம் படிப்பகத்தின் ஒருபுறத்தே அடங்கிவிடும். ஆடலாசிரியனும் இசையாசிரியனும் தண்ணுமையோனும் குழலோனும் யாழோனும் இன்ன இன்ன இலக்கணம் உடையராதல் வேண்டும் என்று அடிகள் விரித்துரைக்கின்றார். தலைக்கோலைப் பட்டத்து யானையின்பாற் கொடுத்துக் கொணர்ந்த ஆரவாரம் அனைத்தும் வந்து முடிந்த இடம் அச்சிறு மேடையே. அரசன் பெரிதாகக் கட்டமாட்டாதவனா? கண்ணின் குறிப்பும் விரலின் அசைவும் காண்பார்க்குத் தெரியவேண்டும் என்பதன்றோ கருத்து!

செவிக்கும் அவ்வாறே. திறந்த வெளியில் ஒலி எழும் இடத்திற்கும் நமக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால் ஒலியின் வலிமை நான்கில் ஒன்றாகும். சுவரும் கூரையும் உள்ள இடத்தே எதிரொலி சேர்ந்து இக்குறையை ஓரளவு நிரப்பும். ஆயினும் மண்டபம் மிகப் பெரிதாயின் அவ்வெதிரொலி காலந்தாழ்த்து வந்து அடுத்த சுரத்தின்மேல் விழுந்து குழப்பும். நம் இசையோ கமகத்தால் உயிர்வாழ்வது. தோடி இராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது அசைவது. அவ்வசைவே அவ்விராகத்தின் முகம். அம்முகத்தை மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து, ஒலிபெருக்கி தரும் நிழலாற் கண்டறிதல் எளிதன்று. தம்புராவையே எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு தந்திகளில் எதுவும் காந்தாரத்திற்குக் கூட்டப்படுவதில்லை. எனினும் நன்கு சுருதி சேர்ந்த தம்புராவின் அருகே இருப்பார்க்கு, மீட்டப்படாத காந்தாரம் ஒன்று அவ்வொலியின் உள்ளிருந்து மெல்ல எழுந்து கேட்கும். இக்காலத்து மேடைகளில் மின்சாரச் சுருதிப் பெட்டி அத்தொழிலைச் செய்கின்றது. நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் உண்மைத் தம்புராவைப் பத்தடித் தொலைவிலிருந்து கேட்டிருக்கின்றனர்?

தமிழாசிரியனுக்குரிய ஆசை ஒன்றும் எனக்கு உண்டு, மறைக்கமாட்டேன். சிறு கூடத்திலே சொல் கேட்கும். முத்துத்தாண்டவர் பாடலையோ அருணாசலக் கவிராயர் பாடலையோ பாடுவோர் ழகரத்தை விழுங்கினாலும், சொல்லைத் தகாத இடத்தில் முறித்தாலும், எதிரே இருப்பவர் முகஞ்சுளிப்பது அவருக்கே தெரிந்துவிடும். அடுத்தமுறை திருத்தமாகப் பாடுவார்.

எல்லாக் கருவிக்கும் இக்கூடம் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. நாகசுரமும் தவிலும் வீதிக்கும் கோயிற் பிராகாரத்திற்கும் உரியவை. அவற்றை அறைக்குள் அழைத்தல் யானையைத் திண்ணையிற் கட்டுவது போலாம். வீணை, கோட்டுவாத்தியம், குழல், மனிதர் குரல் ஆகியவையே இதற்கு இசைந்தன.

வீணை என்றவுடன் வீணை தனம்மாளை நினையாதிருத்தல் இயலாது. 1867 இல் தோன்றி 1938 இல் மறைந்த அவ்வம்மையார், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்திலே வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை வாசித்தார்; வீணையோடு தாமும் பாடினார்; பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லை. ஒலி மிக மென்மையானது. கேட்பவர் மூச்சடக்கி இருந்தாலன்றிக் கேளாது. மேடையில் புகழ்பெற்ற பாடகர்கள் அங்கே பாயில் அமர்ந்து கேட்டனர். க்ஷேத்திரஞ்ஞர் பதங்களின் தாழ்ந்த நடை, பெருங்கூட்டத்தின் முன் பாடினால் பொறுமையிழப்பார்க்கு இரையாகும். அக்கூடத்திலோ தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. அவர்தம் பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் அப்பதங்களைப் பாடினர்; மற்றொரு பேர்த்தியார் பாலசரஸ்வதி அவற்றை ஆடிக் காட்டினார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் பாலசரஸ்வதிக்கு 1973 இலும் பிருந்தாவுக்கு 1976 இலும் வழங்கப்பெற்றது. ஒரு வீட்டுக் கூடத்திற் காத்த பொருளைப் பெருஞ்சபை பின்னர்ப் போற்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? "அறுபது பேர்க்காக ஒரு கச்சேரியா?" என்பார்க்கு யான் கூறும் விடை இதுவே.

ஒலிபெருக்கியைப் பழிப்பது என் கருத்தன்று. அது வருமுன் நாலரைக் கட்டையில் முழங்கும் சாரீரம் உடையாரே கூட்டத்தை ஆளமுடிந்தது. ஒரு கட்டையிற் பாடும் மென்குரலார் பலர்க்கு 1930 ஆம் ஆண்டுகளில் அக்கருவி வந்த பின்னரே மேடை கிடைத்தது. சபைகளையும் பழியேன். ஏன் பழியேன் என்பதை விளக்கினால் இரண்டாவது கேள்விக்கு வந்துவிடுவோம்.

அக்காலத்தில் செல்வர் இல்லங்களிலும் சமீன்தார் அரண்மனைகளிலும் நடந்த கச்சேரிகள் சிறியனவே; சுவையுடையனவே. ஆனால் உள்ளே அமர்ந்தவர் யாவர்? அழைக்கப்பட்டவர். அழைக்கப்படாதவன் செவி எத்துணை நுண்ணியதாயினும் அவனுக்குத் திருமணப் பந்தலின் ஓரமோ கோயில் வீதியோதான் கதி. 1900 ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னையிற் சபைகள் தோன்றின. 1927 டிசம்பரில் காங்கிரசு மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928 இல் மியூசிக் அகாடமி நிறுவப்பட்டது. சபைகளின் குறைகள் பல. அவற்றை அடுக்க இது நேரமன்று. ஆயினும் சீட்டு வாங்கியவன் எவனாயினும் உள்ளே அமர்ந்து கேட்கலாம் என்னும் வழக்கம் அவற்றால் வளர்ந்தது. அது சிறிய மாறுதல் அன்று. இப்பொழுது நாம் பழைய கூடத்தின் நுண்மையை விரும்பிச் செல்லும்போது, பழைய கூடத்தின் தாழ்ப்பாளையும் உடன் கொண்டு வரவேண்டுமா?

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் கேட்டு உருகாதவர் நம் பாட்டன்மாருள் இல்லை. கோயில் வாயிலுக்கு வெளியே நின்றவனின் கதை அது. வாயிலுக்கு உள்ளே இருந்தவர்களே அதனைக் கேட்டுக் கண்ணீர் விட்டனர். விட்டுப் பல்லாண்டுகள் வரையில் வாயில் திறந்தபாடில்லை. 1939 இல் மதுரை மீனாட்சியம்மை கோயில் திறந்தது. 1947 இல்தான் சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது.

இக்கட்டிடம் நம்மவர் கொடுத்த பணத்தால் எழுந்தது. யார் வருகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டென்பார் கூற்றை யான் அலட்சியம் செய்யவில்லை. அவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுவேன். நம் படிப்பகத்துப் பலகையில் "யாவரும் வந்து படிக்கலாம்" என்று நம் முன்னோரே எழுதி வைத்தனர். நூலுக்கு யாவரும், பாட்டிற்கு நம்மவர் மட்டும் என்பது எந்த இலக்கணத்திற்கு இயையும்? மற்றொன்று: நம் மாணவியர் விடுதியிலுள்ள பெண்கள் மூவர்க்கு ஊதியம் பெறாது பாட்டுக் கற்பித்து வரும் அம்மையார் நம்மவர் அல்லர். அவர் தம் மாணவியரைப் பாடவைக்கும் மாலையில், அவர்தம் உற்றார் மாடிப்படி ஏறிவரும்போது "நீவிர் யாவர்?" என்று வினவுவதற்கு இங்குள்ளாருள் எவர் படியடியில் நிற்கப்போகின்றார்? அறை சிறிதாயிருப்பது செவியின் பொருட்டு. முந்தி வந்த 60 பேர் அமர்வர், பிந்தி வந்தவர் தாழ்வாரத்தில் நிற்பர். வேறு கணக்கு வேண்டா.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். படிப்பகத்து மின்விசிறிகளுள் பழையன இரண்டும் இரைகின்றன, அவ்விரைச்சல் வீணையை விழுங்கிவிடும், மாற்றவேண்டும். கைப்பேசிகளின் வாயை அடைத்த பின்னரே உள்ளே வரவேண்டும். பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துக, உறங்கினால் உறங்கட்டும். சீட்டு வேண்டா; வாயிலருகே ஒரு குடம் வைத்தால் போதும். தலைக்கு 100 ரூபாய் என்று 60 பேர் இட்டாலும் 6,000 ரூபாய்தான் சேரும். பாடுவோர், பிடில்காரர், மிருதங்கக்காரர் மூவர்க்கும் அது போதாது, வழிச்செலவும் உண்டு. இடாதவரை நோக்குதலும் முறையன்று. ஆதலின் குறையும் தொகையைச் சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து ஓராண்டளவு கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் விண்ணப்பம். கலைஞரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டுக் கலையை வளர்த்தோம் என்று அறிக்கையில் எழுதுவதற்கு யான் உடன்படேன்.

செயற்குழு வரும் ஞாயிறன்று கூடுகின்றது. ஐயமுடையோர் அதற்குள் என்னை வந்து காணலாம். மாலை ஆறு மணிக்குமேல் படிப்பகத்திலேயே இருப்பேன். இடந்தர இசைந்தால் முதல் அரங்கு வீணை என்று கழகத்தார் சொல்லியிருக்கின்றனர். பாய்கள் இருபது தேவைப்படும்; நம்மிடம் பன்னிரண்டே உள்ளன.