மெய்நிகர் உலகில் ஒரு கந்தரோடை

மெய்நிகர் உலகு என்பது கணினித் திரைக்குள் கட்டப்பட்ட ஓர் இடம். மாணவர் தமக்கென ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் நடக்கிறார், பக்கத்தில் நிற்பவரோடு கதைக்கிறார், கல்லைத் தூக்கி வைக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இருப்பவரும் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் இருப்பவரும் ஒரே நேரத்தில் ஒரே முற்றத்தில் நிற்கலாம். 2020இல் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் பூட்டப்பட்டபோது சூம் என்ற காணொளிச் செயலி வந்து விரிவுரைகளைக் காப்பாற்றியது. அந்த நன்றி மறக்கக்கூடாது. ஆனாலும் அங்கே மாணவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கையால் செய்து பழகவேண்டிய பாடங்கள் அப்படியே கிடந்தன.

2003இல் அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் செக்கன்ட் லைஃப் என்ற உலகைத் திறந்தது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் முண்டியடித்து அதில் காணி எடுத்தன. பல, தங்கள் விரிவுரை மண்டபத்தையே அச்சொட்டாக அங்கும் கட்டின. கதிரைகளும் வரிசையாகப் போடப்பட்டன. வந்து இருக்கத்தான் ஆளில்லை. மண்டபத்தில் செய்ய முடியாததைச் செய்ய வந்த இடத்தில் இன்னொரு மண்டபம் எதற்கு? 2011இல் கல்வி நிறுவனங்களுக்கான அரைவாசிக் கட்டணச் சலுகையும் நின்றது. 2013இல் அது திரும்பி வருவதற்குள் பலர் வெளியேறிவிட்டார்கள். வாடகைக் காணியில் வீடு கட்டுவது என்னவென்று, இடம்பெயர்ந்து வாழ்ந்த யாழ்ப்பாணத்துக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வெளியேறியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் ஓப்பன் சிமியுலேற்றர். 2007இல் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளுக்குக் காசு கட்டவேண்டியதில்லை. 256 மீற்றர் நீளமும் அதேயளவு அகலமும் கொண்ட நிலத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சேவையகத்திலேயே அமைக்கலாம். முழு நிலத்தையும் ஒரே கோப்பாகச் சேமித்து இன்னொரு வளாகத்துக்குக் கொடுக்கலாம். வெளி இணையம் அறுந்தாலும் வளாகத்துக்குள் வகுப்பு நடக்கும். தலையில் மாட்டும் கருவியும் தேவையில்லை, ஆய்வுகூடக் கணினி போதும். இத்தகைய உலகுகளைக் கற்பித்தலுக்கு ஏற்றபடி நிர்வகிப்பது எப்படி என்று ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இந்திக பெரேரா. இலங்கைக்கு இது அந்நியச் சரக்கு என்று சொல்வதற்கு இடமே இல்லை.

அதே சென் அன்ட்ரூஸ்தான் தொல்லியலுக்கு வழி காட்டியது. கிரேக்கத்தின் ஸ்பார்ட்டாவில் உள்ள பைசாந்தியத் தேவாலயம் ஒன்றை மாணவர்கள் கணினிக்குள் அகழ்ந்தார்கள். எங்கே குழி வெட்டுவது, கைவசமுள்ள நிதியை எதற்குச் செலவிடுவது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கவேண்டும். பிழையான இடத்தில் தோண்டினால் வெறுங்கைதான். உண்மையான களத்தில் இந்தப் பிழைக்கு மன்னிப்புக் கிடையாது: ஒருமுறை தோண்டிய மண்படையை எவராலும் இரண்டாம் முறை தோண்ட முடியாது.

இதை யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொல்லியல் களமான கந்தரோடையில் வைத்துப் பார்க்கவேண்டும். 1917இல் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அங்கே கவனத்தைத் திருப்பினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் தோண்டி, கிறிஸ்துவுக்கு முற்பட்ட குடியிருப்பைக் கண்டார்கள். சுண்ணக் கற்களால் ஆன சிறிய தூபிகள் இன்றும் அங்கே நெருங்கி நிற்கின்றன. ஆனால் 1970இன் குழிக்குள் இன்றைய மாணவர் இறங்க முடியாது. மெய்நிகர் குழியில் இறங்கலாம். மேற்படையில் ஓட்டுத்துண்டு, அதன் கீழ் நாணயம், அதற்கும் கீழே கறுப்பு சிவப்பு மட்பாண்டம் என்று ஒவ்வொரு படையாகக் கழற்றி, ஆழம் குறித்து, படம் கீறி, பிழைத்தால் மறுபடி தொடங்கலாம். அந்தச் சிறு கட்டடங்கள் வழிபாட்டுத் தூபிகளா ஈமச்சின்னங்களா என்ற வாதத்தையும் கல்லைக் காட்டியே நடத்தலாம்.

கந்தரோடையோடு நிற்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் போரில் தரைமட்டமானது. மதில்கள் திருத்தப்பட்டன, தேவாலயம் எழவில்லை. பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து அதைத் திரையில் எழுப்பும் மாணவர் வரலாறு, கட்டடக்கலை, கணினி மூன்றையும் ஒன்றாகப் படிப்பார். மருத்துவத்திலும் பொறியியலிலும் பயன் உண்டு: சத்திரசிகிச்சைக் கூடத்து ஒழுங்கையும் ஆபத்தான இயந்திரத்தைக் கையாள்வதையும் அங்கே பழகலாம். ஆயினும் அவற்றுக்கு உலகெங்கும் ஆயத்தப் பொருள்கள் கிடைக்கின்றன. கந்தரோடையை யாழ்ப்பாணம் கட்டாவிட்டால் வேறெவரும் கட்டப்போவதில்லை.

குடிநீருக்கும் வேலைக்கும் அல்லாடும் ஊருக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் ஒரு துறையாக வளர்ந்தது. மின்சாரமே இல்லாத ஊரில் ஆசிரியர்கள் கணினி கற்பித்தார்கள். ஆடம்பரம் என்ற சொல்லுக்கு அவர்களே பதில்.

உண்மையான செலவு மென்பொருளில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. ஒரு மெய்நிகர் குழியை ஒழுங்காக அமைக்கத் தொல்லியலாளர், படம் கீறுபவர், நிரல் எழுதுபவர் மாதக்கணக்கில் ஒன்றாக இருந்து வேலை செய்யவேண்டும். எனவே ஒரே ஒரு குழியோடு தொடங்குவது நல்லது. அதற்குள் தோன்றும் பெயர்ப்பலகையும் குறிப்பேடும் தமிழில் இருக்கவேண்டும். இறுதிப் பரீட்சையில் அதற்குப் புள்ளியும் வேண்டும். புள்ளி இல்லாத பயிற்சிக்கு இறுதியாண்டு மாணவர் நேரம் ஒதுக்கமாட்டார்.