ஒட்டோ கியருக்கு வந்த வருத்தம்

(திருகோணமலையில், தோட்டக் குடும்பங்களைச் சேர்ந்த வாகனச் சாரதிகளின் கூட்டத்தில் நாம் பேசியதன் எழுத்து வடிவம்)



நலன்புரி உத்தியோகத்தர் வந்தால் பிள்ளைக் காம்பராவையும் மலசலகூடத்தையும் குடிதண்ணீரையும் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது கியர் பொக்ஸைப் பற்றி. பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீங்க, தெரிகிறது. பரவாயில்லை. போன தலைமுறை கொழுந்துக் கூடையை நம்பிப் பிழைத்தது போல, இந்தத் தலைமுறையில் எத்தனையோ வீடுகள் ஒரு வேனை நம்பிப் பிழைக்கின்றன. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். குடும்பத்தை லயத்தில் வைத்துவிட்டு இங்கே வந்து ஓடுகிறவர்களும் இருக்கிறீர்கள். சீனக்குடா மாவு ஆலைக்கு ஆள் ஏற்றுகிறவர், நிலாவெளிக்கு வெள்ளைக்காரரைக் கொண்டுபோகிறவர், மலையகத்திலிருந்து கோணேசர் கோவிலுக்கு யாத்திரை கூட்டி வருகிறவர் எல்லோருக்கும் ஒன்றுதான்: வாகனம் நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும்.

நம் ஆட்கள் பழகியது கொழுந்து லொறியும் டிரக்டரும். காலால் கிளட்ச் மிதித்துக் கையால் கியர் போடுகிற வாகனங்கள் அவை. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்து இறங்கியவற்றிலோ பெரும்பகுதி ஒட்டோ கியர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை நம் கைக்கு எட்டுகிற விலையா, நீங்களே சொல்லுங்கள். ஆகையால் இருக்கிற பழைய வாகனத்தைத்தான் பார்த்துப் பார்த்து ஓட வேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது தெரியாமல் வருத்தத்தைப் பிடிக்க முடியாது. இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும். ஒட்டோ கியரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருப்பது அப்படியொரு சோடி விசிறிதான். காற்றுக்குப் பதில் ஒயில். டோர்க் கன்வேட்டர் என்று கராஜில் சொல்வது இதைத்தான். இந்த யோசனை முதலில் காருக்கு வந்ததல்ல, கப்பலுக்கு வந்தது. ஜேர்மனியில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த ஹேர்மன் பொட்டிங்கர் என்ற பொறியியலாளர், நீராவிச் சுழலியின் வேகத்தைக் குறைத்துக் கப்பலின் புரொப்பலருக்குக் கொடுப்பதற்காக இதைக் கண்டுபிடித்து 1905இல் காப்புரிமை எடுத்தார். துறைமுகத்து ஊரில் நின்று பேசுகிறோம், அதனால் இதையும் சொல்லி வைத்தோம். முழு ஒட்டோ கியர் பெருந்தொகையாக விற்பனைக்கு வந்தது 1939 கடைசியில், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் காரில்.

அந்த விசிறிக்குப் பின்னால் பல்சக்கரத் தொகுதிகளும், அவற்றை மாற்றி மாற்றிப் பிடித்து விடுகிற கிளட்ச் தட்டுகளும் இருக்கின்றன. தட்டுகளை அழுத்துவதும் ஒயில்தான். அந்த அழுத்தத்தைக் கொடுக்கிற பம்பைச் சுற்றுவது எஞ்சின். எந்த வழியால் ஒயில் போக வேண்டும் என்று திறந்து மூடுகிறவை சொலனொயிட் என்னும் சின்ன மின்சார வால்வுகள். அவற்றுக்கு உத்தரவு கொடுப்பது கம்பியூட்டர். ஆகவே வருத்தம் மூன்று இடத்தில் வரலாம்: ஒயிலில், மின்சாரத்தில், கடைசியாக இரும்பில். நம்ம கராஜ்களில் பலர் கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்க்கிறார்கள். அங்கேதான் காசு போகிறது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, லீசிங்கில் எடுத்த வேனை ஹட்டனுக்கும் திருகோணமலைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் கந்தளாய்க்குக் கிட்ட ‘டீ’யில் போட்டதும் வாகனம் உடனே இழுக்கவில்லை. இரண்டு மூன்று செக்கன் யோசித்துவிட்டு டமார் என்று இழுத்தது. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் மூடியைக்கூடத் திறக்காமல், ‘பெட்டி போய்ட்டுது, வேற பெட்டி போடணும்’ என்று இலட்சக்கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். பென்சன் எடுத்த தாயின் ஈ.பீ.எஃப். காசு கொஞ்சம் இருந்தது. நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது, 2024இல் 1,350 என்று வந்தது. அந்த அம்மா கொழுந்து பறித்த காலத்தில் அதில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனை ஆயிரம் பேர் போட்டு, எத்தனை நாள் அரைப் பேருக்கு வெட்டுப்பட்டுச் சேர்த்த காசு அது! அதைத் தூக்கிக் கொடுக்கப் போகிற நேரத்தில், உப்புவெளிப் பக்கத்து வயதான பாஸ் ஒருவர் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். கம்பியின் நுனியில்கூட ஒயில் இல்லை. முன்னால் ரேடியேற்றருக்குப் போகிற கூலர் பைப் துருப்பிடித்துக் கசிந்து, சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. பைப்பை மாற்றி, சரியான ஒயில் நிரப்பியதோடு வேன் ஓடியது. இன்னும் ஓடுகிறது. நாலு நாள் அப்படியே ஓடியிருந்தால் தட்டுகள் கருகி, முதல் கராஜ்காரர் சொன்னது உண்மையாகியிருக்கும்.

ஆகவே முதல் வேலை ஒயில் பார்ப்பது. எஞ்சின் ஒயில் பார்ப்பது போல் காலையில் குளிர்ந்த வாகனத்தில் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடி, சூடான பிறகு, மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை ‘பீ’யிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் திரும்ப ‘பீ’க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். சூட்டுக்கான இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். டொயோட்டாவுக்கு இந்த முறை. ஹொண்டாவில் பலவற்றுக்கு எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, உடனே பார்க்க வேண்டும். சில வாகனங்களில் கம்பியே இல்லை; அதைக் கராஜில் தூக்கி, அடியில் உள்ள திருகாணியால்தான் பார்க்கலாம். கூடினாலும் கெடுதி. சக்கரங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையால் தட்டை அழுத்த முடியாது; குறைந்த ஒயில் காட்டுகிற அதே குணத்தைக் கூடின ஒயிலும் காட்டும்.

அளவைப் பார்த்த கையோடு நிறத்தையும் பாருங்கள், மணந்தும் பாருங்கள். தேயிலை பெக்டரியில் டீமேக்கர் மூக்கை வைத்துச் சொல்கிறாரே, அதே மாதிரித்தான். நல்ல ஒயில் சிவப்பாக, கண்ணாடி போல இருக்கும். பழசானால் மண்ணிறம். கறுத்து, கருகின மணம் அடித்தால் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று அர்த்தம், அங்கே உண்மையாகவே பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பல வாகனங்களில் கியர் ஒயிலைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது அரித்துப் போனால் தண்ணீரும் ஒயிலும் ஒன்றாகும். இந்தக் கடற்கரைப் பக்கத்தில் உப்புக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூலண்ட் விலைதான், ஆனால் கியர் பொக்ஸை விட மலிவு.

ஒயில் சரியாக இருந்தும் வருத்தம் இருந்தால், வாகனம் எப்போது, எப்படிச் செய்கிறது என்று கவனியுங்கள். கராஜ்காரரிடம் ‘கியர் சரியில்ல பாஸ்’ என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? காய்ச்சலோடு வருகிறவரிடம் தோட்டத்து டிஸ்பென்சர் எத்தனை நாளாக, குளிர் உண்டா, இரவிலா பகலிலா என்று கேட்பதில்லையா? அப்படி.

நின்ற இடத்தில் ‘என்’னிலிருந்து ‘டீ’க்குப் போட்டால் 1.2 செக்கனுக்குள் பிடிக்க வேண்டும், ரிவேர்ஸுக்கு 1.5 செக்கனுக்குள். டொயோட்டா பாஸ்மார் வைத்திருக்கும் கணக்கு இது. அதற்கு மேல் போனால் அழுத்தம் குறைவு, அல்லது சீல் தேய்ந்திருக்கிறது. எக்ஸலேட்டரை மிதிக்க எஞ்சின் மட்டும் கத்தி, வேகம் ஏறாவிட்டால் தட்டு வழுக்குகிறது. காலையில் நன்றாக ஓடி, சூடானபின் வழுக்கினால் பம்ப் அல்லது சீல் பக்கம் சந்தேகப்படலாம். கியர் மாறும்போது அடிக்கிறதா? பெட்டியைக் குற்றம் சொல்லுமுன் எஞ்சின் மவுண்ட் ரப்பரையும் புரொப்பலர் சாவ்ட் குரோசையும் பாருங்கள். வெடித்த ரப்பரும் கியர் அடிக்கிற மாதிரித்தான் அடிக்கும். பழைய மாடல்களில் எக்ஸலேட்டரிலிருந்து கியருக்கு ஒரு கேபிள் போகும். அது இழுபட்டிருந்தால் கியர் பிந்தி, முரட்டுத்தனமாக மாறும். தளர்ந்திருந்தால் முந்தி, வழுக்கலாக மாறும். சரிசெய்ய அரை மணித்தியாலம் போதும்.

மலையக வாகனங்களுக்கென்றே ஒரு வருத்தம் உண்டு. நான்காவது கியர், அதாவது ஓவர்டிரைவ், விழாது. எஞ்சின் சூடேறாதவரை கம்பியூட்டர் அந்தக் கியருக்கு அனுமதி கொடுக்காது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நம்ம ஊரில், ‘இந்த வெயிலுக்கு இது எதுக்கு’ என்று ரேடியேற்றர் வழியில் உள்ள தேர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிற பழக்கம் இருக்கிறதே! அந்த வாகனம் திருகோணமலை வெயிலில் ஒழுங்காக ஓடும். நுவரெலியாக் குளிரில் எஞ்சின் சூடேறவே மாட்டாது, கியரும் விழாது. மேலே போனால் வருத்தம், கீழே வந்தால் சுகம் என்றால் முதலில் இதைக் கேளுங்கள். லீவரில் உள்ள ஓ.டீ. பொத்தானை யாரும் அமத்தி வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதுக்கே கராஜுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் நேர் ரோட்டில் அறுபது எழுபதில் போகும்போது, மேடு பள்ளம் இல்லாத இடத்தில் வாகனம் நடுங்கினால் இரண்டு காரணம் உண்டு. எக்ஸலேட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு, பின்னால் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, இடது காலால் பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள். கன்வேட்டருக்குள் இருக்கும் பூட்டு அந்தத் தொடுதலில் விடும். நடுக்கம் உடனே நின்றால் குறை அந்தப் பூட்டில், ஒயில் மாற்றினாலே சிலவேளை சரிவரும். நிற்காமல் தொடர்ந்தால், முக்கியமாக ஏற்றத்தில் கூடினால், எஞ்சினில் பிளக், கொயில் பக்கம் பாருங்கள். கியர் பொக்ஸைத் தொட வேண்டாம்.

ஓ.டீ. லைட் மினுங்கினாலோ, வாகனம் ஒரே கியரில் நின்று மாற மறுத்தாலோ, கம்பியூட்டர் குறையைக் கண்டு பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்கிறது. ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். தொண்ணூறுகளின் டொயோட்டாவில் சோதனைப் பெட்டியில் இரண்டு முனைகளை வயரால் தொடுத்தால் அந்த லைட்டே இலக்கத்தை மினுங்கிக் காட்டும். 62, 63 என்றால் கியர் மாற்றும் சொலனொயிட் வழி, 64 என்றால் பூட்டின் வழி. இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். இலக்கம் சொல்வது எந்த வழியில் குறை என்பதை மட்டும். சொலனொயிட் செத்துப் போய்ட்டுது என்று அது சொல்லவில்லை. எலி கடித்த வயரும் அதே இலக்கத்தைத்தான் காட்டும். வயரையும் சொக்கட்டையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் சாமான் மாற்றுகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

சீ.வீ.டி. என்று எழுதியிருக்கும் சின்னக் கார்களில் கியர் படி கிடையாது, இரும்புப் பட்டி ஒன்று ஓடுகிறது. அதற்குரிய ஒயில் வேறு. சாதாரண சிவப்பு ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கி, பெட்டி கெட்டுப்போகும். புத்தகத்தில் உள்ள பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு போய் வாங்குங்கள்.

ரம்பொடை இறக்கத்தில் ‘டீ’யிலேயே விட்டுப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாத்திரைச் சனம் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு அப்படி வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ‘2’ அல்லது ‘எல்’ எதற்காக இருக்கிறது? இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்து அதில் போடுங்கள். எஞ்சின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம், வாகனத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சத்தம்தான்.

கடைசியாக ஒரு அண்ணன் எழுந்து, நடுக்காட்டில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா, கயிறு கட்டி இழுக்கலாமா என்று கேட்டார். தள்ளி ஸ்டார்ட் ஆகாது. பம்பைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சின் ஓடாமல் அழுத்தம் வராது, அழுத்தம் இல்லாமல் சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே கிடையாது. கொழுந்து லொறியை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுகிற வித்தை இங்கே செல்லாது. பற்றரி வயர் கொடுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். கயிற்றால் இழுத்தால் சில்லு சுற்ற, உள்ளே சக்கரங்களும் ஒயில் இல்லாமல் சுற்றும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரை அப்படி இழுத்து வந்தால், ஸ்டார்ட்டர் மோட்டரோடு போக வேண்டிய செலவு கியர் பொக்ஸில் வந்து முடியும். யானை நிற்கிற இடம் என்றால் வேறு வழியில்லை, ‘என்’னில் போட்டு, மெதுவாக, வெளிச்சமான இடம் வரை மட்டும் இழுங்கள். அதற்கு மேல் தட்டுள்ள லொறியைக் கூப்பிட்டு ஏற்றுங்கள். அல்லது இயங்கும் சில்லுகளை நிலத்திலிருந்து தூக்கி இழுக்கச் சொல்லுங்கள்: ஹைஏஸ் மாதிரி வேனுக்குப் பின்சில்லு, முன்சில்லு இழுக்கும் காருக்கு முன்சில்லு. நான்கு சில்லும் இழுக்கிற வாகனம் என்றால் முழுவதுமாக ஏற்றத்தான் வேண்டும்.