பெல்ட்டா, செயினா? அறுந்தா என்ன பண்ணுவீங்க?

இன்னிக்கு எபிசோட் என் தப்புல இருந்து ஆரம்பிக்குது. ரெண்டு மாசமா பைக் செயினுக்கு ஆயில் போடல. ஊருக்குப் போற வழியில, திண்டிவனம் தாண்டி, மழையில, ராத்திரி 9 மணிக்கு அறுந்துடுச்சு. தள்ளிக்கிட்டே போய் ஒரு மெக்கானிக் கடையைப் பிடிச்சேன். அந்த அண்ணன் ஒரு செயின் லாக் போட்டு 20 நிமிஷத்துல கிளப்பி விட்டார். "ஆயில் போடுங்க தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

அன்னிக்கே முடிவு பண்ணேன், அடுத்த வண்டி பெல்ட் டிரைவ்தான்னு. பெல்ட் ஒண்ணும் புதுசு இல்ல. 1980லேயே ஹார்லி டேவிட்சன் ஸ்டர்ஜிஸ் மாடல்ல இருந்தது. நம்ம ஊர்ல ஏத்தர் 450 ஸ்கூட்டர்லயும் பெல்ட்தான்.

செயின் ஏன் லூஸ் ஆகுது? இரும்பு இழுபடறது இல்லைங்க. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கிற பின் தேயுது. நூறு பின் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சா, மொத்த நீளம் கூடிடும். அப்புறம் ஸ்பிராக்கெட் பல்லும் போயிடும். பெல்ட்ல பின்னே கிடையாது. சைக்கிள் பெல்ட்னா, பாலியூரித்தேனுக்குள்ள கார்பன் ஃபைபர் இழைகள். துரு இல்லை, ஆயில் இல்லை, பேன்ட்ல கறையும் இல்லை.

அப்போ எல்லாரும் ஏன் மாறல? பெல்ட் ஒரே முழு வளையம். நடுவுல பிரிச்சு மாட்ட முடியாது. அதனால சைக்கிள் ஃபிரேமோட பின்பக்கம் பிரிக்கிற மாதிரி இருக்கணும். டீரெய்லர் கியரும் வேலைக்கு ஆகாது, ஹப்புக்குள்ள இருக்கிற கியர் வேணும். பல பைக்குகள்ல பெல்ட் மாத்த ஸ்விங்ஆர்மையே கழட்டணும். சைக்கிள்ல இன்னொண்ணு: பெல்ட்டை இறுக்கமா வெச்சிருக்கணும், அதுலயே கொஞ்சம் சக்தி போயிடும். சுத்தமா இருக்கிற செயின் அந்த விஷயத்துல ஒரு படி மேல.

முக்கியமான வித்தியாசம் இதுதான். செயின் அடிக்கடி கவனிப்பு கேக்கும், ஆனா எந்த ஊர்லயும் சரி பண்ணிடலாம். பெல்ட் வருஷக்கணக்கா எதுவுமே கேக்காது. அறுந்த அன்னிக்கு மட்டும், அதே அளவு பெல்ட் கைக்குக் கிடைக்கணும்.

தினமும் ஆபீஸ், வீடு, பக்கத்துலயே சர்வீஸ் சென்டர்னா, தைரியமா பெல்ட் வாங்குங்க. ராத்திரி ஹைவேல தனியா போற ஆளுன்னா, செயின். நான் செயின்லயே இருக்கேன். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில், போன்ல ரிமைண்டர் போட்டாச்சு.

உங்க வண்டி எங்க நின்னுச்சு, யார் சரி பண்ணாங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.