படகுத் தச்சரின் கருவிகள்: விலையும் பயனும்



1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்படிக்கையும், 1957-இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையமும் இக்கடற்கரையில் புதுவகைப் படகுகள் பெருகத் துணைபுரிந்தன. ஆயினும், மரப்படகில் உளுத்த பலகையை மாற்றுவதும், இடுக்குகளில் நார் திணித்து நீர் புகாமல் அடைப்பதும் இன்றும் தச்சரின் கைவேலையே. மட்டாஞ்சேரி போன்ற துறைகளில் அவர் எந்த உளியை வாங்குகிறார் என்பதும் ஒரு பொருளாதாரக் கேள்வியாகும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 300 ரூபாய் உளி ஆறு மாதமும், 900 ரூபாய் உளி ஐந்து ஆண்டும் உழைப்பதாகக் கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் முன்னதற்கு ஆகும் செலவு 3,000 ரூபாய். மென்மையான எஃகை அடிக்கடி தீட்டுவதில் நாளொன்றுக்குக் கால் மணி வீணானால், 300 வேலை நாட்களில் 75 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஒன்பது நாள் கூலி போய்விடும். கரையேற்றிய படகும் அதுவரை கடலுக்குச் செல்லாது. பலகை சரியாகப் பொருந்தாவிடில் ஆபத்து படகிலிருப்போருக்கே.

எல்லாக் கருவிக்கும் உயர்ந்த விலை தேவை என்பதன்று. கண்ணாடியிழைப் பூச்சுக்கான தூரிகை, பிசின் இறுகியபின் எறியப்படுவது. அதில் மலிவே சிக்கனம். உளி, இழைப்புளி, ரம்பம், துறப்பணம் ஆகிய வெட்டுக்கருவிகளில் தரமே சிக்கனம். வாங்குமுன் ஓர் அரத்தால் உரசிப் பார்க்கலாம். அரம் எளிதில் கடித்தால் எஃகு மென்மையானது. நல்ல கருவியும் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். அன்றாடம் துடைத்து எண்ணெய் பூசுதல் அவசியம்.

இவற்றைத் தச்சர் அறியாதவரல்லர். 900 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாமையே அவரை மலிவின் பக்கம் தள்ளுகிறது. வறுமையே அவரை அதிகம் செலவிடச் செய்கிறது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களுள் படகு கட்டுதலும் ஒன்று. கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை உதவியும், இரு தவணைகளில் மூன்று லட்சம் ரூபாய் வரை 5 சதவீத வட்டியில் கடனும் அதில் உண்டு. அத்தொகையில் இருபது மட்டக் கருவிகளைக் காட்டிலும் ஆறு நல்ல கருவிகள் மேலானவை.

வழங்கிய கருவிப்பெட்டிகளின் எண்ணிக்கையை நாம் பதிவு செய்கிறோம். ஓராண்டு கழிந்தபின் அவற்றுள் எத்தனை கருவிகள் இன்னும் தச்சரின் கையில் உழைக்கின்றன என்பதையும் பதிவு செய்வோமாக. உதவியின் உண்மையான அளவுகோல் அதுவே.