எம்.பி.க்கும் ஒரு செக்ரோல்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். நாம் வாக்குப் போட்டு அனுப்பிய பாராளுமன்ற உறுப்பினர் அங்கே போய் என்ன செய்கிறார்? எதற்கு ஆதரவாக வாக்களித்தார், எதை எதிர்த்தார், என்ன கேள்வி கேட்டார், எந்த நாள் வராமல் இருந்தார்? இதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

கணக்கு வைப்பது நமக்குப் புதிய வேலை இல்லை. நம் பெண்கள் ஒவ்வொரு நிறுவைக்கும் எத்தனை கிலோ என்று மனதில் வைத்திருப்பார்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று எத்தனை கிலோ வெட்டினார்கள் என்பதும் தெரியும். கிலோ குறைந்தால் நமக்கு அரைப்பேர். மாதக் கடைசியில் செக்ரோலில் ஒரு பேர் விட்டுப்போனால் கணக்கப்பிள்ளையிடம் போய் நிற்கிறோம். ஒரு நாள் சம்பளத்துக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், ஐந்து வருடத்துக்கு ஒருவரைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அவருக்குப் பேர் போடுவதில்லை. திருவிழாவுக்கு வந்தார், மரண வீட்டுக்கு வந்தார், தகரம் கொடுத்தார் என்பதோடு நம் கணக்கு முடிந்துவிடுகிறது.

அவருடைய செக்ரோல் எங்கே இருக்கிறது?

அதற்கு ஹன்சாட் என்று பெயர். பாராளுமன்றம் கூடுகிற ஒவ்வொரு நாளும் அங்கே பேசப்படுவது சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டு அச்சாகிறது. பாராளுமன்ற இணையத்தளத்திலும் போடுகிறார்கள். போன் வைத்திருக்கிற எந்தப் பிள்ளையும் இறக்கிப் பார்க்கலாம். காசு வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அமர்வு நேரலையாகவும் போகிறது. வழக்கமாக மாதத்தில் எட்டு நாள் அளவில்தான் சபை கூடும். ஆகவே இது தூக்க முடியாத சுமை இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே ஹன்சாட்டில் அச்சாகும். நம் உறுப்பினர் தமிழில் கேட்டிருப்பார், அமைச்சர் சிங்களத்தில் பதில் சொல்லியிருப்பார். பதிலைப் படிக்கச் சிங்களம் தெரிந்தவர் வேண்டும். நம் தோட்டங்களில் சிங்களம் வாசிக்கிற பிள்ளைகள் இப்போது நிறைய இருக்கிறார்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அவர்களுக்கும் அது ஒரு பாடம்.

எழுத்தில் இருப்பது ஏன் முக்கியம்? நம் சொந்தச் சரித்திரத்தையே பாருங்கள்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் ராஜலிங்கம், பதுளையில் சுப்பையா, அலுத்நுவரவில் ராமானுஜம். நம் வாக்கினால் போன ஏழு பேர். அடுத்த வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் நம்மில் ஒருவர்கூட வெல்லவில்லை. அதன் பிறகு 1977 வரைக்கும் நியமன உறுப்பினராகச் சிலர் இருந்தார்களே தவிர, தேர்தலில் வென்று யாரும் போகவில்லை. ஒரு சபையில் எடுத்த வாக்கெடுப்பு மூன்று தலைமுறையின் தலையெழுத்தை மாற்றியது.

அந்த வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்தார் என்று பலரும் மேடையில் பேசுவார்கள். இல்லை, அவர் எதிர்த்தார் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டு பக்கமும் பாதிதான் சரி. 1948 ஓகஸ்டில் வந்த குடியுரிமைச் சட்டத்தை அவர் எதிர்த்து வாக்களித்தார். செப்டெம்பரில் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசெம்பரில் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமூலம் வந்தபோது ஆதரவாக வாக்களித்தார். அவரோடு ஒரே கட்சியில் இருந்த செல்வநாயகம் அதையும் எதிர்த்தார். கட்சி உடைந்து, 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. வாய்க்கு வாய் வந்த கதை மாறிப் போகும். அச்சில் உள்ள பெயரும் திகதியும் மாறாது.

கிட்ட நடந்ததையும் பார்ப்போம். 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தத்துக்கு வாக்கெடுப்பு. ஆதரவாக 156, எதிராக 65. பதுளை மாவட்டத்தில் எதிரணிப் பட்டியலில் தெரிவான அரவிந்த் குமார் ஆதரவாக வாக்களித்தார். அவர் இருந்த தமிழ் முற்போக்குக் கூட்டணியின் மற்றவர்கள் எதிர்த்தார்கள். அது சரியா பிழையா என்பதை வாக்காளர் தீர்மானிக்கட்டும். பெரிய செய்தியாக வந்ததால் அந்த ஒரு வாக்கெடுப்பு நமக்குத் தெரிந்தது. செய்தியில் வராத வாக்கெடுப்புகளில் நம் உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தோட்டத்தில் யாராவது சொல்ல முடியுமா?

சரி, எதை எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவது, வாக்கு. எல்லாச் சட்டமூலத்துக்கும் பெயர் எழுதப்படுவதில்லை. சபாநாயகர் கேட்பார், "ஆம்" என்றும் "இல்லை" என்றும் குரல் எழும்பும், நிறைவேறிவிடும். உறுப்பினர் யாராவது வாக்கெடுப்புக் கேட்டால்தான் பெயர் பெயராகப் பதிவாகும். அப்போது ஆதரித்தவர், எதிர்த்தவர் பட்டியல் ஹன்சாட்டில் வரும். இரண்டிலும் பெயர் இல்லையென்றால் ஒன்றில் அவர் சபையில் இல்லை, அல்லது வாக்களிக்கவில்லை. முக்கியமான நாளில் காணாமல் போவதும் ஒரு முடிவுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருடத்தில் இரண்டு வாக்கெடுப்பைத் தவறாமல் பாருங்கள். வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் குழுநிலை விவாதம் நடக்கும். ஒவ்வொரு அமைச்சாக எடுத்து, எதற்கு எவ்வளவு காசு என்று பேசுகிற நாட்கள் அவை. பெருந்தோட்டம், தொழில், கல்வி, சுகாதாரம் என்று நமக்குச் சம்பந்தப்பட்ட அமைச்சுகளின் நாளில் நம் உறுப்பினர் பேசினாரா, காசைப் பற்றிப் பேசினாரா, வெறும் வாழ்த்துப் பேச்சா என்று பார்க்கலாம்.

இரண்டாவது, கேள்வி. அமைச்சராக இல்லாத உறுப்பினரின் வேலையை அளக்க இதைவிட நல்ல நிறுவைத் தட்டு இல்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. "மலையக மக்களின் வீட்டுப் பிரச்சினை எப்போது தீரும்?" என்று கேட்டால், "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். அதையே இப்படிக் கேட்டால்? "2017இல் இந்தியப் பிரதமர் நோர்வுட்டில் அறிவித்த 10,000 வீடுகளில் எத்தனை கட்டி முடிந்தன? எந்தெந்தத் தோட்டத்தில்? குடி போனவர்களில் எத்தனை குடும்பத்துக்குக் காணி உறுதி கிடைத்தது? மிச்சம் எப்போது முடியும்?" இதற்கு இலக்கம் சொல்லாமல் தப்ப முடியாது. சொன்ன இலக்கம் அச்சில் ஏறும். அடுத்த வருடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்கலாம். அரசாங்கத் தோட்டங்களில் கட்டாமல் விட்ட சேமலாப நிதி, ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்காத சேவைக்காலப் பணம், இவற்றையும் இப்படித்தான் தோட்டம் தோட்டமாக, ரூபா கணக்கில் கேட்க வேண்டும்.

அமைச்சர்கள் அவகாசம் கேட்டுக் கேள்வியைத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்த கேள்வியை உறுப்பினர் திரும்ப எடுத்தாரா என்று பாருங்கள்.

மூன்றாவது, பேச்சு. எத்தனை நிமிடம் பேசினார் என்பதை வைத்து மட்டும் தீர்மானிக்க வேண்டாம். கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைக்கும். சின்னக் கட்சியென்றால் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தில் எத்தனை நிமிடம் நமக்கு, எத்தனை நிமிடம் தலைவரைப் புகழ என்று பாருங்கள்.

நான்காவது, வரவு. அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுகளுக்கு வராவிட்டால் ஆசனம் போகும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதுதான் கடைசி எல்லை. நம் எல்லை அதைவிடக் கிட்ட இருக்கட்டும்.

ஆளுக்குத் தகுந்த நியாயமும் வேண்டும். அமைச்சராக இருப்பவர் சபையில் கேள்வி கேட்பதில்லை, பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரிடம், உங்கள் அமைச்சு என்ன செய்தது என்றுதான் பார்க்க வேண்டும். குழுக்களிலும் பலர் வேலை செய்கிறார்கள். அது ஹன்சாட்டில் முழுதாகத் தெரியாது. "மந்திரி" என்கிற இணையத்தளம் ஹன்சாட்டை வைத்து உறுப்பினர்களைத் தரம் பிரித்துப் போடுகிறது. பார்க்கலாம், உதவும். ஆனால் நம் தோட்டத்தைப் பற்றி என்ன பேசினார் என்பதை நாம்தான் வாசிக்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பளம் கூடினால் உடனே மேடைக்கு மேடை "நான்தான் வாங்கித் தந்தேன்" என்று சத்தம் கேட்கும். தோட்டச் சம்பளம் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்துத் தீர்மானிப்பது இல்லை. 2021இல் ஆயிரம் ரூபா வந்தது சம்பள நிர்ணய சபை முடிவெடுத்து, வர்த்தமானி போட்டுத்தான். அதற்குப் பின்னால் தொழிலாளரின் வருடக்கணக்கான போராட்டம் இருந்தது. உறுப்பினருக்கும் பங்கு இருக்கலாம். அப்படியென்றால் எந்தத் திகதியில், எந்தக் கேள்வியில், எந்தப் பிரேரணையில் என்று காட்டட்டும். காட்டினால் கைதட்டுவோம்.

இனி, உங்களில் பலர் மனதில் ஓடுகிற கேள்விக்கு வருவோம். "எம்.பி.யைக் கேள்வி கேட்டால் நம் தோட்டத்துக்குத் தகரம் வராதே, பாதை வராதே, கோயிலுக்குக் காசு வராதே?"

இந்தப் பயம் பொய்யென்று சொல்ல மாட்டோம். பழி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தகரம் பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து வந்ததென்றால் அது அரசாங்கக் காசு. நாம் கடையில் சீனி வாங்கும்போதும், போனுக்குக் காசு போடும்போதும் கட்டுகிற வரியும் அதில் இருக்கிறது. எந்த உறுப்பினர் பெயரில் எவ்வளவு வந்தது, எந்தத் தோட்டத்துக்குப் போனது என்று மாவட்டச் செயலகத்திடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைத் தருகிறது. தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு தலைவர் தனியாகக் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆகவே கமிட்டியாகக் கேளுங்கள், பத்துத் தோட்டம் சேர்ந்து கேளுங்கள்.

இன்னொன்று, நம் சங்கம் ஆதரிக்கிற உறுப்பினருக்கும் இதே கொப்பிதான். மற்றக் கட்சிக்காரருக்கு ஒரு தராசு, நம்மவருக்கு ஒரு தராசு என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நம்மிடம் வாக்குக் கேட்டுப் போனவரிடம்தான் நமக்கு மிச்சம் உரிமை. அதோடு நுவரெலியா மாவட்டத்துக்கு எட்டு ஆசனம். தமிழரோ சிங்களவரோ, எட்டுப் பேருமே நம் உறுப்பினர்கள்தான். எட்டுப் பேருடைய பெயரையும் எழுதுங்கள்.

கொப்பியில் நான்கு நிரல் போதும். திகதி. விஷயம். சபையில் அவர் செய்தது: வாக்கா, கேள்வியா, பேச்சா, வரவில்லையா. கடைசி நிரலில், அதே விஷயத்தைப் பற்றி நம் தோட்டத்துக்கு வந்தபோது அவர் சொன்னது. மூன்றாம் நிரலும் நான்காம் நிரலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோட்டமும் மூன்று வேலை செய்துவர வேண்டும். ஒன்று, ஒரு மாத ஹன்சாட்டைப் பார்த்துக் கொப்பியைத் தொடங்குவது. இந்த வேலைக்கு இரண்டு பிள்ளைகளை, அதில் ஒருவர் பெண்பிள்ளையாக, கமிட்டி தெரிவு செய்யட்டும். இரண்டு, உங்கள் தோட்டத்தின் ஒரு பிரச்சினையை, இலக்கமும் திகதியும் சேர்த்து, சபையில் கேட்கக்கூடிய கேள்வியாக எழுதிவருவது. மூன்று, அந்தக் கேள்வியைக் கையெழுத்து வாங்கி ஓர் உறுப்பினரிடம் கொடுப்பது. பொது மனுவாகக் கொடுத்தாலும் உறுப்பினர் ஒருவர்தான் அதைச் சபையில் சமர்ப்பிக்க முடியும். வாங்கினாரா, கேட்டாரா, மறந்தாரா என்று கொப்பி சொல்லும்.

கேட்டவருக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். அதுவும் கணக்கில் ஒரு பகுதிதான். நல்ல வேலை செய்கிறவருக்கு, தோட்டத்தில் அதைப் பார்க்கிற கண் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள். தேநீருக்குப் பிறகு, ஹன்சாட்டை எப்படி இறக்குவது என்று போனில் காட்டித் தருகிறோம்.