வீடியோ கேமரா வாங்கும் முன்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தோட்டத்துக் கோயில் நிர்வாகக் குழுவினர் நால்வர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். தோட்டம் விற்கப்பட்டுவிட்டது. கோயிலும் வேறிடத்துக்குப் போகிறது. இப்போது இருக்கும் இடத்தில் தீமிதித் திருவிழா இன்னும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். அதை நல்ல முறையில் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பணம் திரட்டியிருந்தார்கள். கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "வாத்தியாரே, இந்தக் கேமராவை வாங்கலாமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அவர்களில் மூத்தவர்.

விளம்பரம் பளபளப்பாகத்தான் இருந்தது. 4கே என்றது, 48 மெகாபிக்சல் என்றது, 16 மடங்கு ஜூம் என்றது. விலையோ சில நூறு வெள்ளி. நாங்கள் வேண்டாம் என்றோம். பெரியவரின் முகம் வாடிவிட்டது. ஏன் வேண்டாம் என்று அன்று அவரிடம் சொன்னதைத்தான் இன்று உங்களிடமும் சற்று விரிவாகச் சொல்ல நினைக்கிறோம்.

அந்த வகைக் கருவியை வாங்கி நாங்கள் ஏற்கனவே சூடுபட்டவர்கள். பள்ளியில் நடந்த ஓர் இரவு நிகழ்ச்சியில், நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவர் மேடையேறித் தம் கதையைச் சொன்னார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்குப் போனது, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடியது, எல்லாம் சொல்லி, இடையில் ஒரு தாலாட்டும் பாடினார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். மறுநாள் பதிவைப் போட்டுப் பார்த்தோம். திரை முழுக்கக் கரும்புள்ளிகள் மொய்த்தன. பாட்டியின் முகம் ஒரு மங்கல் வட்டம். குரல் வர வேண்டிய இடத்தில் மின்விசிறியின் இரைச்சல். இன்னொரு முறை பேசச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று நாளைக் கடத்தினோம். அடுத்த ஆண்டு பாட்டி இல்லை.

ஆகவே, நேயர்களே, கேமரா வாங்குவதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை மெகாபிக்சல் என்பதன்று. எவ்வளவு ஒளியை வாங்கும் என்பதே.

கேமராவின் லென்சுக்குப் பின்னால் ஒளியை வாங்கும் சில்லு ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் வாசலில் தண்ணீர் பிடிக்க அகலமான அண்டாவை வைப்போமா, வாய் குறுகிய செம்பை வைப்போமா? சில்லின் கணக்கும் அதுதான். சில்லு பெரிதானால் ஒரே நேரத்தில் அதிக ஒளி சேரும். குறைந்த வெளிச்சத்திலும் படம் தெளியும். வீட்டு உபயோகத்துக்கு வந்த உயர்தர வீடியோ கேமராக்களில் 'ஓர் அங்குலச் சில்லு' என்று ஒரு வகை உண்டு. பெயரை நம்பி அடிக்கோலால் அளந்தால் ஏமாந்து போவீர்கள். அந்தக் காலத்து டெலிவிஷன் கேமராக் குழாய்களின் அளவுக் கணக்கிலிருந்து வந்த பெயர் அது. உண்மையில் அந்தச் சில்லு 13.2 மில்லிமீட்டர் அகலமும் 8.8 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. அப்படியிருந்தும், இடைத்தரக் கேமராக்களில் காணப்படும் 1/2.5 அங்குலச் சில்லைவிடப் பரப்பில் நான்கு மடங்குக்கு மேல் பெரியது. தீக்குழியின் வெளிச்சத்தில் முகம் தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

அடுத்தது ஜூம். இங்கேதான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜூமில் இரண்டு வகை. லென்சுக்குள் கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகர்ந்து, தூரத்தில் உள்ளதை உண்மையாகவே அருகில் கொண்டுவருவது ஒளியியல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி, இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது டிஜிட்டல் ஜூம். தாளில் அச்சான படத்தின் மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தால் புள்ளி பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது அல்லவா? பெரியவர் காட்டிய விளம்பரத்தில் இருந்த 16 மடங்கும் டிஜிட்டல் ஜூம்தான். சிறிய எழுத்தில் அடியில் போட்டிருந்தார்கள். தீக்குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள்; கேமராக்காரர் உள்ளே போக முடியாது. தூரத்தில் நின்றுதான் பிடிக்க வேண்டும். ஆகவே, ஒளியியல் ஜூம் எவ்வளவு என்பதை மட்டும் கேளுங்கள். பத்து மடங்குக்கு மேல் இருந்தால் கோயில் திருவிழாவுக்கும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் போதும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2017இல் சோனி வெளியிட்ட ஏ.எக்ஸ்.700 என்னும் கேமராவை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலச் சில்லு, 12 மடங்கு ஒளியியல் ஜூம், 4கே பதிவு. நல்ல கருவி. ஆனால் அதன் லென்சுத் துவாரம் ஜூம் செய்யாத நிலையில் 2.8, முழுதும் ஜூம் செய்தால் 4.5. இந்த எண் ஏற ஏற ஒளி குறையும். அதாவது, கடைசி வரை ஜூம் செய்தால் உள்ளே வரும் ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரவில் எவ்வளவு கிட்டே போய் நிற்க முடியுமோ, அவ்வளவு கிட்டே நின்று, ஜூமைக் குறைத்துப் பிடிப்பதே நல்லது. இதை எந்த விற்பனையாளரும் நமக்குச் சொன்னதில்லை. பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

4கே வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. 4கே படத்தில் 3840, 2160. மொத்தத்தில் நான்கு மடங்கு. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய படத்துக்கு 4கே நல்லதுதான். ஆனால் அதற்குத் தீனி போட வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 கிகாபைட் ஆகும். நான்கு மணி நேரத் திருவிழா என்றால் 180 கிகாபைட். இந்த வேகத்துக்கு எஸ்.டி. அட்டையின் மேல் யூ3 என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்க வேண்டும். மலிவான அட்டையைப் போட்டால், பூங்கரகம் இறங்குகிற நேரம் பார்த்துப் பதிவு நின்றுபோகும்.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, தோட்டத்துக் கலியாணத்துக்கு வீடியோக்காரர் வந்தாலே ஒரு திருவிழாதான். தோளில் வி.எச்.எஸ். கேமரா, பின்னால் ஒரு பையன் வெள்ளை விளக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பான், அந்தச் சூட்டில் மணப்பெண்ணின் பவுடரெல்லாம் கரைந்து வழியும். கேமராவும் நாடாப்பெட்டியும் ஒன்றாக இணைந்த முதல் வீட்டுக் கருவியைச் சோனி நிறுவனம் 1983இல்தான் வெளியிட்டது. அதில் பதிவு செய்யலாம். போட்டுப் பார்க்க முடியாது! 1995இல் டிஜிட்டல் நாடா வந்தது. நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் மாதிரிப் பாடம் நடத்தியதையும் அப்படிப்பட்ட நாடாவில்தான் பதிவு செய்தார்கள். அதைப் பார்த்தபோது, நம் முகத்தைவிட நம் குரல்தான் நம்மைக் காட்டிக்கொடுத்தது. பின்வரிசையில் வைத்த கேமராவில் நாற்காலி இழுபடும் சத்தமும் பிள்ளைகளின் இருமலும் கேட்டன, பாடம் கேட்கவில்லை.

ஒலியைப் பற்றி அன்று கற்றது இன்றும் உதவுகிறது. கேமராவோடு ஒட்டியிருக்கும் ஒலிவாங்கி, தனக்கு அருகில் உள்ள சத்தத்தைத்தான் நன்றாகப் பிடிக்கும். பக்கத்தில் நிற்பவர் பொரி மெல்லும் சத்தம் கேட்கும். பூசாரியின் வாக்கு கேட்காது. ஆகவே, தனி மைக் செருகும் துளை கட்டாயம் இருக்க வேண்டும். காதில் மாட்டிக் கேட்கும் துளையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன பதிவாகிறது என்று எப்படித் தெரியும்? ஒலியளவைக் கையால் கூட்டிக் குறைக்கும் வசதியும் தேவை. தானியங்கி முறையில் விட்டால், உறுமி மேளம் முழங்கும்போது கருவி ஒலியை அமுக்கிவிடும். மேளம் நின்றதும் பின்னால் உள்ள இரைச்சலைத் தூக்கிவிடும். கேட்பவருக்கு அலை அடித்து ஓய்வது போல் இருக்கும். வெட்டவெளியில் மைக்கின் மேல் போடும் பஞ்சு உறையை மறக்க வேண்டாம்.

ஒளியின் அளவுக்கும் இதே கதைதான். நெருப்பைக் கண்டதும் தானியங்கிக் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து முகங்களை இருட்டாக்கிவிடும். பகலில் செம்பனை நிழலிலிருந்து காவடி வெயிலுக்கு வரும்போது எல்லாம் வெளுத்துப்போகும். கையால் நிறுத்திவைக்கும் வசதி உள்ள கருவியே உயர்தரக் கருவி. வெயிலைக் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டி உள்ளேயே அமைந்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் 50 துடிப்பு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்பதற்காகச் செய்த கருவிகள் நொடிக்கு 30 அல்லது 60 படம் என்ற கணக்கில் ஓடும். அதை இங்கே கொண்டுவந்து குழல்விளக்கின் கீழ் பிடித்தால் படம் துடிக்கும். 25, 50 என்ற கணக்கு இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். வேறு கருவி கிடைக்காதபோது, மூடுதிரை வேகத்தை 1/100 நொடியில் வைத்தால் துடிப்பு அடங்கும்.

கைப்பேசி போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். பகலில், அருகில் நின்று, ஐந்து நிமிடம் பிடிப்பதற்குப் போதும். நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். கையில் பணம் குறைவென்றால், மலிவுக் கேமராவில் அதைக் கொட்டுவதைவிட, இருக்கும் கைப்பேசிக்கு ஒரு நல்ல மைக்கும் ஒரு ஸ்டாண்டும் வாங்குங்கள். ஆனால் மணிக்கணக்கில், தூரத்திலிருந்து, இருட்டில் என்றால் கைப்பேசி திணறும். வெயிலில் சூடேறி நின்றும் போகும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. உயர்தரக் கேமரா ஒன்று புதிதாக வாங்கினால், அப்படிப்பட்ட சம்பளம் பல மாதத்துக்கு உரியது போய்விடும். ஒரு குடும்பம் கடன்பட்டு அதை வாங்குவது சரியன்று என்பதே எங்கள் கருத்து. பத்துக் குடும்பமோ, ஒரு கோயிலோ, ஒரு மன்றமோ சேர்ந்து வாங்கலாம். கைமாறிய நல்ல கருவியையும் தேடலாம். அப்போது லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் பரவிக்கொண்டே போகும், தொட வேண்டாம். கடையின் மூலையில் இருட்டான இடத்தைப் பிடித்து, அங்கேயே போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

எங்கள் நிர்வாகக் குழுவினர் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். ஓர் அங்குலச் சில்லுள்ள, கைமாறிய கேமரா ஒன்று கிடைத்தது. திரட்டிய ஒவ்வொரு பத்து வெள்ளியிலும் ஏழு வெள்ளிதான் கேமராவுக்கு. மூன்று வெள்ளியை மைக்குக்கும், கனமான ஸ்டாண்டுக்கும், இன்னொரு பேட்டரிக்கும், அட்டைகளுக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லியிருந்தோம். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். கருவியை இப்போது மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகளோடு வைத்திருக்கிறோம். திருவிழா முடிந்ததும் பதிவை இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றைத் தலைவர் வீட்டிலும் மற்றொன்றைப் பள்ளியிலும் வைப்பதாக ஏற்பாடு.

திருவிழாவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. முன்பு பள்ளியில் எங்களிடம் படித்த இரண்டு இளைஞர்கள் மாலைதோறும் திடலில் பந்து விளையாட்டைப் பிடித்துப் பழகுகிறார்கள். இருட்டிய பிறகு, அன்று வாடிய முகத்தோடு நின்ற அந்தப் பெரியவரைக் கோயில் படியில் உட்காரவைத்து, ஒரே ஒரு விளக்கின் வெளிச்சத்தில் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறார்கள். பழக்கத்துக்காகத்தான் தொடங்கினார்கள். அவர் இதுவரை நான்கு இரவு பேசியிருக்கிறார். இன்னும் தம் பத்து வயதைத் தாண்டவில்லை.