பிழையும் நகைப்பும்



கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையூர்களிலோ ஆங்கிலம் பேச எழும் மாணவனின் நாவைக் கட்டிவிடுவது, 'பிறர் நகைப்பரே' என்னும் அச்சமாகும். அந்த நகைப்பையே ஆசானாக்க இயலுமா?

இயலும். 1977-ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் நகைச்சுவைத் தொடர் தொடங்கிற்று. இந்தியர், பாகிஸ்தானியர், சீனர், இத்தாலியர் முதலானோர் இலண்டன் மாலை வகுப்பொன்றில் ஆங்கிலம் பயில்வதே அதன் கதை. மாணவர் ஒரு சொல்லைப் பிறிதொன்றாகக் கொள்வர், சிரிப்புப் பிறக்கும், ஆசிரியர் பிரௌன் திருத்துவார். பிழையும் திருத்தமும் காட்சியோடு நெஞ்சில் பதியும்.

நாமே ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். 'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது' என்னும் இரண்டிற்கும் தமிழில் பொருள் ஒன்றே. 'ஐ' உருபு பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்திலோ சொல் நிற்கும் இடமே பொருளைத் தரும். 'தி டாக் பிட் தி மேன்' என்பதைத் தமிழ்ப் பழக்கத்தால் 'தி மேன் பிட் தி டாக்' என மாற்றினால், கடிபட்டவனே கடித்தவனாகிவிடுவான்! இதற்கு ஒருமுறை சிரித்தவன் அவ்விதியை மறவான்.

எனினும், அத்தொடர் அயல்நாட்டாரை எள்ளுகிறது என்ற குறையும் எழுந்ததுண்டு. ஆகவே, பிழையைக் கண்டு சிரிப்போம். பிழை செய்தவரைக் கைகொடுத்துத் தூக்குவோம்.